டிராக்டர் வாரண்டி கிளெய்ம்: டெலிவரி நாளிலிருந்து நுகர்வோர் ஆணையம் வரை டெல்டா விவசாயிக்கு ஒரு முழு வழிகாட்டி

வாரண்டி கொடுப்பது டிராக்டர் கம்பெனி. அதை வாங்கித் தர வேண்டியவர் டீலர். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

பழுது வந்தால் டீலர் தன் ஸ்டாக்கிலிருந்து உதிரிப்பாகத்தை எடுத்து மாட்டிவிட்டு, கம்பெனிக்கு கிளெய்ம் போடுகிறார். கம்பெனி ஏற்றுக்கொண்டால் பாகத்தின் விலையும் ஒரு நிர்ணயித்த வேலைக்கூலியும் அவர் கணக்கில் வரவாகும். நிராகரித்தால் அந்தச் செலவு அவர் தலையில் விழும். 300 ரூபாய் ஆயில் சீலை உடனே மாற்றித் தருகிறவர், கிரௌன் பினியன் செட் (பின் ஆக்ஸிலின் பெரிய பற்சக்கரத் தொகுப்பு) என்றதும் 'பார்க்கலாம்ண்ணே' என்று இழுப்பதற்குக் காரணம் இதுதான். அவரோடு சத்தம் போட்டுப் பயனில்லை. கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் மறுக்க முடியாத கோப்பு ஒன்று அவர் கையில் இருந்தால் கிளெய்ம் போட அவரே முன்வருவார். அந்தக் கோப்பைத் தயார் செய்வது டிராக்டர்காரர் வேலை.

கம்பெனி இன்ஜினியர் பார்ப்பது மூன்று விஷயம். வண்டி ஓடிய மணியும் காலமும் வாரண்டிக்குள் இருக்கிறதா, சர்வீஸ் எல்லாம் உரிய நேரத்தில் நடந்ததா, குறை பொருளில் இருந்ததா அல்லது ஓட்டிய விதத்திலா. முதல் இரண்டுக்கும் காகிதமே பதில் சொல்லிவிடும். மூன்றாவதில்தான் வாக்குவாதம். அதிலும் நம் பக்கம் 'சேற்றில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்' என்ற ஒற்றை வரியில் பல கிளெய்ம்களை மூடிவிடுகிறார்கள்.

டெலிவரி நாளில்

பூசை போட்டு மாலை மாட்டும் அவசரத்தில் யாரும் தாளைப் பார்ப்பதில்லை. ஆனால் வாரண்டி கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பார்த்து இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், வாரண்டி புத்தகம் மூன்றிலும் ஒத்துப்பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் கம்பெனி கணினியில் உங்கள் வண்டி 'இல்லை' என்று காட்டும். வாரண்டி தொடங்கும் தேதியாக எந்த நாள் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். மாத இலக்கை முடிக்கச் சில டீலர்கள் விற்காத வண்டியை விற்றதாக முன்கூட்டியே கணக்கில் ஏற்றுவதுண்டு. அப்படி ஏற்றிய வண்டி உங்களுக்கு வந்தால் இரண்டு மூன்று மாத வாரண்டி கைக்கு வரும் முன்பே போயிருக்கும். கம்பெனி செயலியிலோ கட்டணமில்லாத எண்ணிலோ சேசிஸ் எண்ணைச் சொன்னால் பதிவான தேதியைச் சொல்வார்கள். தவறாக இருந்தால் அன்றே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள்.

மணி மீட்டரையும் ஒரு படம் எடுங்கள். யார்டில் நகர்த்தியதும் ஓட்டிப் பார்த்ததும் சேர்ந்து சில மணி ஏறியிருக்கலாம். அதற்கு மேல் ஓடியிருந்தால் அது டெமோ வண்டியாக இருக்க வாய்ப்பு உண்டு.

வாரண்டி புத்தகத்தில் விலக்குப் பட்டியல் இருக்கும் பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஃபில்டர், பெல்ட், பல்பு, ஃபியூஸ், ரப்பர் ஹோஸ் போன்றவை பெரும்பாலும் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். டயர், பேட்டரி, டீசல் பம்ப், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்த கம்பெனியின் வாரண்டிதான். அந்தக் கிளெய்ம் அந்தந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையம் வழியாகப் போகும். இருந்தாலும் கோப்பைத் தொடங்க வேண்டியவர் உங்களுக்கு வண்டி விற்ற டீலர்தான். 'நீங்களே பேட்டரிக் கடையில் கேளுங்கள்' என்று கைகழுவ விடாதீர்கள். பேட்டரியின் வரிசை எண்ணும் நான்கு டயர்களின் எண்களும் டெலிவரித் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

'ஆறு வருட வாரண்டி' என்று போர்டில் இருந்தால், முழு வண்டிக்கு எத்தனை வருடம், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும் எத்தனை வருடம் என்று பிரித்துக் கேளுங்கள். வருடம், மணி இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடியும். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று சேறடிப்புக்கும் வாடகைக்குப் போகிற வண்டிக்கு வருடம் முடியுமுன் மணி முடிந்துவிடும்.

முதல் 50 மணி

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதை எதிர்பார்த்து ஜூன் முதல் வாரத்தில் வண்டி எடுத்து, மறு வாரமே கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி வயலில் இறக்குவது இங்கே சாதாரணம். புது இன்ஜினின் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் ஒன்றோடொன்று பொருந்துவது அந்த முதல் 50 மணியில்தான். முழு லோடும் வேண்டாம், மணிக்கணக்கில் ஐடிலில் உறுமவிடவும் வேண்டாம். முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் வண்டியை எடுத்து, கோடை உழவிலும் எரு அடிப்பதிலும் 50 மணியை ஓட்டி, முதல் சர்வீஸையும் முடித்துக்கொண்டு சேற்றில் இறக்குங்கள்.

முதல் சர்வீஸில் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாறும், டேப்பெட் (வால்வு) இடைவெளி பார்ப்பார்கள், போல்ட்டுகளை இறுக்குவார்கள். இதைத் தவறவிட்டால் பின்னால் வரும் இன்ஜின் கிளெய்ம் எல்லாவற்றுக்கும் அது ஒரு ஓட்டை. அடுத்த சர்வீஸ்களின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், புத்தகத்தில் உள்ள கூப்பன்களைப் பாருங்கள். சீசன் நடுவில் சர்வீஸ் மணி வந்தால், நேரமில்லை என்று தள்ளிப்போடாமல் டீலருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள்: 'மீட்டர் 248 மணி, மெக்கானிக்கை வயலுக்கு அனுப்புங்கள்.' அவர்கள் வரத் தாமதித்தால் அந்தத் தாமதம் அவர்கள் கணக்கில் போகும்.

கம்பெனி பெயர் போட்ட ஆயிலையும் ஃபில்டரையும் பில்லோடு வாங்குங்கள். வெளி மிஸ்திரியிடம் மலிவாக ஆயில் மாற்றியதில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு ஒரு முழு இன்ஜின் கிளெய்ம் போய்விடும்.

மணி மீட்டர் கெட்டுப்போனால் அதையும் அன்றே தெரிவியுங்கள். ஓடாத மீட்டரோடு வரும் வண்டியின் கிளெய்மைக் கம்பெனி முதல் பார்வையிலேயே சந்தேகிக்கும். மீட்டரை மாற்றும்போது பழைய மீட்டர் காட்டிய மணியை ஜாப் கார்டில் (வொர்க்‌ஷாப்பின் வேலைப் பதிவுத் தாளில்) எழுதவைத்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேறும் கிளெய்மும்

டெல்டாவில் சண்டை முழுக்க நடப்பது இங்கே. எந்தப் பழுது எப்படி வருகிறது, கம்பெனி என்ன சொல்லும், அதற்கு என்ன பதில் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முன் சக்கர ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்): ஆயில் சீல் விட்டுப்போனால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவி பேரிங்கைத் தின்றுவிடும். முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப்பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் போகிறது. கம்பெனியின் முதல் கேள்வி 'கிரீஸ் அடித்தீர்களா?' என்பதுதான். சேற்று வேலையில் 10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அதாவது தினமும், கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸும் சேறும் வெளியே பிதுங்கும்வரை அடிப்பதுதான் சரியான அளவு. டிரைவர் ஒரு நோட்டில் தேதி, மணி, 'கிரீஸ்' என்று எழுதிவந்தால் அதுவே சாட்சி. அந்த நோட்டு இருந்து, 100 மணிக்குள் சீல் போயிருந்தால் ஓட்டியவர் மேல் பழி போடுவது கடினம். வருடக்கணக்கில் ஓடிய பிறகு சீல் போனால் அது தேய்மானம்தான், அதற்குச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கிளட்ச் ஹவுசிங்: இதன் அடியில் ஒரு துளை இருக்கும். பல மாடல்களில் சேற்றில் இறங்குமுன் அதில் பிளக் மாட்ட வேண்டும், கரை வேலைக்குத் திரும்பியதும் கழற்ற வேண்டும். மாட்டாமல் இறங்கினால் சேறு உள்ளே போய் கிளட்ச் பிளேட்டைக் கெடுக்கும். கழற்றாமல் விட்டால் உள்ளே கசியும் ஆயில் வெளியே வர வழியில்லாமல் பிளேட்டில் பட்டு கிளட்ச் வழுக்கும். டீலர் மெக்கானிக் முதலில் பார்ப்பதும் இதைத்தான். அந்த பிளக் டூல் பையில் பேப்பரில் சுற்றியபடி புதுசாகவே கிடந்தால் கிளெய்ம் அங்கேயே முடிந்தது.

கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில்: டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உடனே வண்டியை நிறுத்துங்கள். அதே நிலையில் ஓட்டி கியர் உடைந்தால் 'தெரிந்தும் ஓட்டினார்' என்பார்கள். ராத்திரி முழுக்க வண்டி நின்றால் தண்ணீர் அடியில் தங்கும். காலையில் மெக்கானிக் முன்னிலையில் டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீர். அதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, மூடி ஒட்டி, தேதி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியில் ஆக்ஸில் சீல் போனால் பிரேக்கும் சேர்ந்து கெடும். ஆகவே இரண்டையும் ஒரே கிளெய்மில் எழுதவையுங்கள்.

கேஜ் வீல்: கம்பெனி சொன்ன அளவைவிடப் பெரிய, கனமான வீலைப் பட்டறையில் அடித்து மாட்டியிருந்தால் ஆக்ஸில், கிரௌன் பினியன் கிளெய்ம் நிற்காது. சுமை எதற்குக் கணக்கிட்டார்களோ அதைத் தாண்டிவிடுகிறது. மாடலுக்கான அளவு ஆபரேட்டர் புத்தகத்தில் இருக்கும். வாங்கும் பட்டறையில் விட்டமும் அகலமும் எழுதி பில் கேளுங்கள். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓட்டுவது ரோட்டுக்கும் கேடு, ஆக்ஸிலுக்கும் கேடு.

இன்ஜின்: சேற்றைவிட தூசுதான் இன்ஜினுக்கு எமன். கோடை உழவிலும் உளுந்து, பயறு அடிக்கும்போதும் ஏர் கிளீனர் ஹோஸ் கிளிப் கொஞ்சம் தளர்ந்திருந்தாலே போதும், சில நாளில் ரிங்கும் லைனரும் தேய்ந்து புகையும் ஆயில் குடியும் தொடங்கிவிடும். கம்பெனி 'தூசு புகுந்தது' என்று மறுத்தால் ஆதாரம் கேளுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் ஹோஸ் உள்ளே தூசுக் கோடு இருக்கிறதா, லைனரில் நெடுகக் கீறல் இருக்கிறதா, ஆயில் மாதிரி சோதனையில் மண் துகள் தெரிந்ததா என்று. மூன்றும் இல்லாமல் வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். அதேபோல ரேடியேட்டர் முன்னால் சண்டு (பதர், வைக்கோல் தூசு) அடைத்து சூடேறி சிலிண்டர் ஹெட் போனால் அது உங்கள் கணக்கு. கதிரடிக்கும் நாளில் தினமும் ரேடியேட்டரை ஊதுங்கள்.

டீசல் பம்ப்: கேனில் சேர்த்து வைத்த டீசலில் தண்ணீர் இறங்கி பம்ப் துருப்பிடித்தால் வாரண்டி கிடையாது. பங்க் பில்களை வைத்திருங்கள். பம்பின் ஈய முத்திரையை வெளியார் யாரும் தொடக் கூடாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதி வந்ததால், அவற்றில் பலவற்றில் கணினி, சென்சார், புகை வடிகட்டி எல்லாம் சேர்ந்துவிட்டன. அந்த வண்டிகளில் பழுது வந்தால் டீலரின் ஸ்கேன் கருவி காட்டும் பிழைக் குறியீட்டை ஜாப் கார்டில் எழுதவையுங்கள்.

ஒயரிங்: கூடுதல் லைட்டும் பாட்டுப் பெட்டியும் மாட்ட ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் மின்சாரம் சம்பந்தப்பட்ட எந்தக் கிளெய்மும் நிற்காது. எலி கடித்ததும் வாரண்டியில் வராது. நெல் மூட்டை பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் எலி வரத்தான் செய்யும்.

இனி அந்த ஒற்றை வரி, 'சேற்றில் ஓட்டினால் இப்படித்தான்.' இதற்குப் பலருக்கும் தெரியாத ஒரு பதில் இருக்கிறது. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. சேறடிப்புச் சோதனை நடத்தி, கிளட்ச், பிரேக், முன் ஹப் போன்ற இடங்களில் சேறோ தண்ணீரோ புகுந்ததா என்று பிரித்துப் பார்த்து எழுதுகிறார்கள். உங்கள் மாடலின் அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். புகவில்லை என்று அதில் இருந்தால், அந்த வண்டி சேற்று வேலையைத் தாங்கும் என்று காட்டித்தான் விற்கப்பட்டது. உங்கள் வண்டியில் மட்டும் புகுந்தது ஏன் என்று விளக்க வேண்டியது கம்பெனி. புகுந்தது என்றே இருந்தால், அந்தக் குறை கம்பெனிக்கு முன்பே தெரியும்.

பழுது தெரிந்த அன்று

வண்டியை நிறுத்துங்கள். எதையும் பிரிக்காதீர்கள். ஊர் மிஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் ஸ்பேனர் பட்டதும் 'வெளியார் பிரித்தது' என்று எழுதிவிடுவார்கள்.

கைபேசியில் ஒரே வீடியோவாக, நிறுத்தாமல், சேசிஸ் தகடு, மணி மீட்டர், பிறகு பழுது என்ற வரிசையில் எடுங்கள். சத்தம் என்றால் எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில், லோடிலா சும்மாவா என்று பேசிக்கொண்டே எடுங்கள். மூல வீடியோவை அந்தக் கைபேசியிலேயே அழிக்காமல் வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த தேதி விவரம் தங்காது.

ஹைட்ராலிக் இறங்குகிறது என்றால் வாயால் சொல்லாமல் அளந்து காட்டுங்கள். ரோட்டவேட்டரைத் தூக்கி இன்ஜினை அணைத்து, தரையிலிருந்து உயரத்தை டேப்பால் அளங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 நிமிடம் வரை குறியுங்கள். ஆயில் குடிக்கிறது என்றால் எந்த மணியில் எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்ற கணக்கு வேண்டும்.

டீலருக்கு போன் செய்வதோடு கம்பெனியின் கட்டணமில்லாத எண்ணிலும் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். டீலரிடம் மட்டும் சொன்னது கம்பெனிக்குத் தெரியாது. வாரண்டி முடிய பத்து நாள் இருக்கும்போது இந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும், ஏனென்றால் கணக்கில் வருவது புகார் செய்த நாள்.

ஜாப் கார்டு

வொர்க்‌ஷாப்பில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி உள்ளே எடுப்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். இப்படி எழுதவையுங்கள்:

'மீட்டர் 312 மணி. 3-வது கியர் லோடில் தானாக நியூட்ரலுக்கு வருகிறது. இதே குறைக்காக 265 மணியில் வந்து சரிசெய்யப்பட்டது, முந்தைய ஜாப் கார்டு எண் இது. வாரண்டியில் சரிசெய்ய வேண்டும்.'

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் முக்கியம். மூன்று தடவை வந்தும் மூன்றும் வேறு வேறு குறையாக எழுதப்பட்டிருந்தால், திரும்பத் திரும்ப வரும் தயாரிப்புக் குறை என்று பின்னால் நிரூபிக்க முடியாது. நகல் தராமல் வண்டியை உள்ளே விடாதீர்கள். தர மறுத்தால் ஜாப் கார்டைப் படமாவது எடுங்கள்.

பிரிக்கும்போது கூட நில்லுங்கள், அல்லது விவரம் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். கம்பெனி இன்ஜினியர் வரும்வரை முக்கிய பாகத்தைப் பிரிக்காமல் வைக்கச் சொல்வது நல்லது. அவர் வருவதற்கு ஒரு தேதியை எழுத்தில் கேளுங்கள். வாரண்டியில் மாற்றிய பழைய பாகம் கம்பெனிக்குத் திரும்பிப் போகும், அதை வீட்டுக்குக் கேட்க முடியாது. போவதற்கு முன் பாக எண் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுங்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். நாளைக்கு நிபுணர் பார்க்க அதுதான் இருக்கும்.

மாற்றிய பாகத்துக்குப் புதிதாக வாரண்டி தொடங்காது, மீதிக் காலம்தான் என்பதே பெரும்பாலான புத்தகங்களில் உள்ள விதி. 'வேலை திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுமுன் லோடில் ஓட்டிப்பாருங்கள். வயலில்தான் தெரியும் என்றால், 'வயலில் ஓட்டிப் பார்த்த பிறகே உறுதி' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதை யாரும் தடுக்க முடியாது.

வாரண்டி கொஞ்சம் தாண்டியிருந்தால் 'குட்வில்' கேளுங்கள். பாகச் செலவில் ஒரு பங்கை கம்பெனி ஏற்கும் வழி அது. உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் சர்வீஸ் எல்லாம் அங்கேயே செய்த வண்டிக்கு டீலரே பரிந்துரை எழுதுவார்.

மறுத்தால்

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். 'கம்பெனியில் ரிஜெக்ட் ஆகிவிட்டது' என்ற வாய்வார்த்தை போதாது. எந்தக் காரணம், யார் பார்த்தார், எந்தத் தேதி என்று வேண்டும். தராவிட்டால் நீங்களே கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். சேசிஸ் எண், வாங்கிய தேதி, இப்போதைய மணி, ஜாப் கார்டு எண்கள் தேதி வரிசையில், புகார் எண், கேட்பது என்ன, 15 நாள் கெடு. கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் டீலருக்கும் தனித்தனியாக, ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிந்தால் கம்பெனியின் தலைமைக்கு நேராகப் போகும். பல சின்னக் கிளெய்ம்கள் இந்த இடத்திலேயே முடிகின்றன.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். குறை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. டீலர், கம்பெனி இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரை விட்டால் இருப்பவர் இல்லாதவரைக் கைகாட்டுவார்.

கம்பெனி வக்கீல் முதலில் எடுப்பது 'வாடகைக்கு ஓட்டினார், வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல' என்ற வாதம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அதை மனுவில் வெளிப்படையாக எழுதி, சிட்டா, அடங்கல் நகலை இணையுங்கள். நான்கு வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இந்த வாதத்தைத் தாண்டுவது கஷ்டம்.

அடுத்தது தயாரிப்புக் குறையை நிரூபிப்பது. வண்டியையே மாற்று, விலையைத் திருப்பு என்று கேட்டால் நிபுணர் அறிக்கை இல்லாமல் பெரும்பாலும் கிடைக்காது. சட்டத்தின் 38-ஆம் பிரிவு, சோதித்தால்தான் தெரியும் என்கிற குறைக்குத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. இதற்குத் தனி மனு போடுங்கள். குமுளூர் வேளாண்மைப் பொறியியல் கல்லூரியையோ வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளரையோ பெயர் சொல்லிக் கேட்கலாம். அதுவரை வண்டியை அதே நிலையில் வைத்திருக்க வேண்டும். சரிசெய்து ஓட்டிவிட்டால் சோதிக்க ஒன்றும் இருக்காது. வைத்திருக்க முடியாத நிலை என்றால், முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்து, படம் எடுத்து, பழைய பாகத்தைப் பத்திரப்படுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள்.

வருமான இழப்புக்கும் பயிர் இழப்புக்கும் பொறுப்பில்லை என்று வாரண்டி புத்தகத்தில் அச்சடித்திருக்கும். ஆனாலும் சேவைக் குறைபாட்டுக்கு ஆணையம் இழப்பீடு தர முடியும். அதற்குக் கணக்கு வேண்டும். வண்டி ஷெட்டில் நின்ற நாட்களில் வெளி டிராக்டர் வைத்துச் சேறடித்த ரசீது, மணிக்கு எவ்வளவு, எத்தனை மா நிலம் என்ற விவரத்தோடு. கடன் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். வண்டி ஓடாதது வங்கிக்கோ ஃபைனான்ஸ் கம்பெனிக்கோ காரணமாகாது, வண்டியையே தூக்கிப் போய்விட்டால் வழக்கின் சாட்சியும் கூடவே போகும்.

வழக்கு நடுவில் கம்பெனி சமரசத்துக்கு வருவது அடிக்கடி நடக்கும். வந்தால் ஒப்பந்தத்தில் எந்தெந்தப் பாக எண்கள் மாற்றப்படும், எந்தத் தேதிக்குள், மாற்றிய பாகத்துக்கு எத்தனை மணி புதிய வாரண்டி, நின்ற நாட்களுக்கு எவ்வளவு தொகை என்று நான்கும் இருக்க வேண்டும். மனுவை வாபஸ் வாங்கிவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். வண்டியை எடுத்து, லோடில் ஓட்டிப் பார்த்து, சமரசத்தை ஆணையத்தின் உத்தரவாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உத்தரவாகப் பதிவானதை மீறினால் நிறைவேற்று மனு போடலாம்.